பன்னிரண்டு மரையும் பதின்மூன்று மரையும்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சந்தில், தவசிமுத்துவின் கடைக்கு யாரும் வழி கேட்டு வந்ததில்லை. முதலில் அவர் குரல் வரும், பிறகுதான் கடை வரும். நட்டு, போல்ட்டு, வாஷர், பேரிங் என்று இரும்பில் பிறந்த சில்லறையெல்லாம் அங்கே கிடைக்கும். சாத்தான்குளத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். வந்து இருபத்திரண்டு வருஷமாகியும் மெட்ராஸ் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவில்லை, வாயும் குறையவில்லை. போல்ட்டு கேட்டு வந்தவனுக்குப் போல்ட்டோடு ஒரு திட்டும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவார். அந்தத் திட்டுக்காகவே துறைமுகத்து ஆட்களும் திருவொற்றியூர் மில் ஆட்களும் வந்தார்கள் என்று சொன்னால் அது மிகை. சரக்கு சுத்தமாக இருக்கும், அதற்காக வந்தார்கள்.

யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்தார் விட்டுப்போன சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்தது. டிஸ்போசல் சரக்கு என்பார்கள். மலிவுதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஸ்டட் என்று ஒன்று உண்டு. தலையில்லாத போல்ட்டு, இரண்டு முனையிலும் மரை ஓடியிருக்கும். அரை இஞ்சு ஸ்டட்டில் இங்கிலீஷ்காரன் இஞ்சுக்குப் பன்னிரண்டு மரை வெட்டுவான், அமெரிக்காக்காரன் பதின்மூன்று வெட்டுவான். மற்றபடி அதே கனம், அதே நீளம், அதே கறுப்பு. இவன் நட்டை அவன் ஸ்டட்டில் போட்டால் முதல் இரண்டு சுற்று மரியாதையாகப் போகும், மூன்றாவது சுற்றில் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பலம் காட்டினால் மரை நாசம். இரண்டையும் ஒரே பார்வையில் பிரித்துப் போடுகிறவர் என்று தவசிமுத்துவுக்கு அந்தப் பக்கத்தில் பேர் இருந்தது. அந்தப் பார்வைதான் நாற்பத்தெட்டாம் வருஷம் போயிற்று.

ஒரே நாளில் போகவில்லை. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. மனுஷர் ஒப்புக்கொண்டால்தானே! பல்பு சரியில்லை என்று மூன்று பல்பு மாற்றினார். கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டினார். சுவரில் தொங்கிய சாக்கைப் பார்த்து, "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, சாக்கு பதில் சொல்லவில்லை என்று அதையும் திட்டினார். கடைசியில் அவர் மனைவி ஞானபாக்கியம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தபோது, கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு கெட்டே போய்விட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். ரிக்‌ஷாவில் திரும்பி வரும்போது தவசிமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தே பயந்துபோயிற்று.

கடையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஞானபாக்கியத்தின் தம்பி ராசையா வந்து சேர்ந்தான். முப்பது வயது, கணக்காகச் சீவிய தலை, வெள்ளைச் சட்டை. கெட்டவன் இல்லை. அத்தான் மேல் உயிரே வைத்திருந்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவன் மனசில் ஒரு திட்டம் இருந்தது. கடையை நல்ல விலைக்குத் தள்ளிவிட வேண்டும், அக்காளையும் அத்தானையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

"அங்க வந்து நான் என்னல செய்ய? காயப்போட்ட நெல்லுக்குக் கோழி விரட்டவா?" என்று தவசிமுத்து கேட்டார்.

"சும்மா இருங்க அத்தான். இத்தன வருஷம் ஓடினது போதாதா? மூணு நேரமும் சோறு தேடி வரும்."

"சோறு பன்னிக்குந்தான் தேடி வருது."

ஞானபாக்கியம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு வாசனையும் வேர்வையுமாகப் பேசிக்கொண்டே இருந்த மனுஷன் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதை அவளால் சகிக்க முடியவில்லை. அதற்காகக் குருட்டு நம்பிக்கையும் வைக்கிறவள் இல்லை அவள். யோசித்து ஒரு முடிவு சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். கடைக்கு வந்தவன் கேட்ட சாமான, யாரையும் கேக்காம நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா இங்கனயே இருப்போம். முடியலன்னா, வாய மூடிக்கிட்டு என் கூட ரயிலேறணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் தவசிமுத்து. அப்போது ஜூன் மாசம்.

முதல் நாளே சாயம் வெளுத்துவிட்டது. காலிஞ்சு போல்ட்டு எது, அதைவிட ஒரு இழை தடித்த இரண்டரை நூல் போல்ட்டு எது என்று கையில் கொடுத்தால் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் இரும்பைப் பிடித்த விரல், நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்துச் செருப்புத் தோலாகியிருந்தது. சில்லென்று இருக்கிறது, கனமாக இருக்கிறது, அதற்கு மேல் அந்த விரல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றது. ஞானபாக்கியம் தினமும் வெந்நீரில் விரலை ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் தேய்த்து, தேங்காயெண்ணெய் போட்டு உருவினாள். ஒரு மாசத்தில் தோல் உரிந்து குழந்தை விரல் மாதிரி சிவந்துவிட்டது. சிவந்ததே தவிர புத்தி வரவில்லை.

அதற்கும் அவர் விடவில்லை. எந்நேரமும் கையில் ஒரு ஸ்டட். சாப்பிடும்போது இடது கையில் ஒன்று, படுக்கும்போது தலைமாட்டில் ஒன்று. ஆள்காட்டி விரல் நகத்தை மரை மேல் வைத்துக் கீழே இழுப்பார். டர்ரென்று ஓடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். ஒரு தடவை பதினொன்று வரும், மறு தடவை பதினாலு வரும். "உங்க ஸ்டட்டு குட்டி போடுது" என்பாள் ஞானபாக்கியம். தெருவில் போகிறவர்கள், பாவம் அண்ணாச்சிக்கு மரை கழண்டுபோச்சு என்று சிரித்தார்கள். அவருக்கே கேட்கும்படி சிரித்தார்கள். கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

கோயிலுக்கும் கொண்டு போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஜெபத்தின் நடுவே ஸ்டட் கை நழுவி, சிமெண்ட் தரையில் கடகடவென்று உருண்டு பாதிரியாரின் காலடியில் போய் நின்றது. ஆராதனை முடிந்ததும் பாதிரியார் அதை எடுத்து வந்து, "தவசிமுத்து, இது உங்களுடையதா?" என்று கேட்டார். தவசிமுத்து வாங்கி நகத்தை ஓட்டிப் பார்த்து, "ஆமாய்யா, பன்னெண்டு" என்றார். சபை முழுக்கக் குலுங்கியது. ஞானபாக்கியம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்டோபரில்தான் அது நடந்தது. மழைக்குக் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். கை வழக்கம்போல் பெட்டிக்குள் துழாவி ஒரு ஸ்டட்டை எடுத்தது. எடுத்தவர், 'இது அமெரிக்கன்' என்று நினைத்துக் கீழே போட்டார். போட்ட பிறகுதான் உறைத்தது. அவர் எண்ணவில்லை! மறுபடி எடுத்து எண்ணிப் பார்த்தார். பதின்மூன்று. இன்னொன்றை எடுத்தார். விரல் பட்ட உடனே கண்ணுக்குப் பின்னால், எங்கோ நெற்றிக்குள், மரையின் மேடும் பள்ளமும் வரிவரியாக எழும்பி நின்றது. எண்ண வேண்டியதே இல்லை, முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற மாதிரி சொல்லிவிடலாம்.

"ஏ ஞானம்! ஓடி வா! எனக்குத் தெரியுதுட்டி!"

அவருக்குக் கண் வந்துவிட்டதென்று நினைத்து, சந்துக் கோடியில் இருந்த வீட்டு அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு ஞானபாக்கியம் ஓடி வந்தாள். ஸ்டட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும், குழம்பு தீய்ந்த கோபத்தில் அவளும் கொஞ்சம் திட்டினாள், அப்புறம் சேர்ந்து அழுதாள்.

பிற்காலத்தில் டாக்டர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். பார்வைக்கென்று மூளையில் இருக்கிற இடம், கண் போனால் சும்மா கிடப்பதில்லையாம். பழகப் பழக, விரல் கொண்டு வரும் சேதியை வாங்கிப் பார்க்க ஆரம்பிக்குமாம். தவசிமுத்துவுக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தம்முடைய வலது ஆள்காட்டி விரல் மற்ற ஒன்பதையும்விடப் பெரிய மனுஷன் ஆகிவிட்டது என்பதுதான். அதற்கு அவர் செய்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! சுடு சோற்றில் அந்த விரல் படக் கூடாது. வேலை இல்லாதபோது அதற்கு ஒரு துணிக் குல்லாய். யாராவது கை குலுக்க வந்தால் இடது கையை நீட்டுவார்.

நவம்பருக்குள் அரை இஞ்சு, முக்கால் இஞ்சு எல்லாம் அத்துப்படி. ராசையா மட்டும் நம்பவில்லை. அத்தான் பெட்டிகளின் இடத்தை வைத்து ஒப்பிக்கிறார் என்று நினைத்து, வந்தவர்களுக்கெல்லாம் தானே எடுத்துக் கொடுத்தான். டிசம்பர் இருபத்தேழாம் தேதி ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்து வைத்துவிட்டான். கடையை விற்கிற நேரத்தில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து சுத்தம் பண்ணினான். சுத்தக்காரனாயிற்றே! ஒரே கனம், ஒரே நீளம், ஒரே கறுப்பாக அரை இஞ்சு ஸ்டட் எதற்கு இரண்டு டிரம்மில் கிடக்க வேண்டும்? ஒன்றில் முந்நூறுக்கு மேல் இருந்தது, அது அமெரிக்கன். இன்னொன்றில் முப்பதோ நாற்பதோதான், அது இங்கிலீஷ். சின்னதைத் தூக்கிப் பெரியதில் கவிழ்த்து, கையால் கிளறிச் சமப்படுத்தி, காலி டிரம்மைக் கழுவி வெயிலில் வைத்தான்.

டிசம்பர் பதினாறாம் தேதி காலையில் லியாகத் அலி வந்தான். திருவொற்றியூரில் ஓர் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். முன்தினம் தவசிமுத்து இல்லாத நேரத்தில் ராசையாவிடம் பதினாறு ஸ்டட் வாங்கிப் போயிருந்தான். இப்போது அதையெல்லாம் சாக்கோடு கொண்டு வந்து பலகையில் கொட்டினான்.

"இன்னா அண்ணாச்சி, இத்தினி வருசமா உன்னாண்ட வாங்கிகினு கீறேன், எனக்கேவா இந்த வேலை? நட்டு ரெண்டு சுத்து போவுது, அப்பால மாட்டிக்குது. இஞ்சின் பிரிச்சது பிரிச்சபடி கீது. நாப்பது ஆளு கைய கட்டிகினு குந்திகினு கீறான். சாயங்காலத்துக்குள்ள ஓட்டலேன்னா எனக்கு சீட்டு கியிச்சுருவான்!"

"அரை இஞ்சுதான கேட்டிய? அரை இஞ்சுதான குடுத்தேன்? வேணும்னா அளந்து பாருங்க" என்றான் ராசையா.

தவசிமுத்து பின்னாலிருந்து எழுந்து வந்தார். விரல் குல்லாயைக் கழற்றினார். ஒன்றை எடுத்தார், தொட்டார், வைத்தார். "அமெரிக்கன்." அடுத்தது. "அமெரிக்கன்." பதினாறில் பதினாலு அப்படியே போயிற்று. இரண்டை மட்டும் தள்ளி வைத்தார். லியாகத் தன் பையிலிருந்த இங்கிலீஷ் நட்டை அந்த இரண்டிலும் போட்டுப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு கடைசி வரை போயிற்று. ராசையாவின் முகம் வெளிறிவிட்டது. டிரம்மைக் கலந்த கதையை மென்று விழுங்கிச் சொன்னான்.

ஒரு நிமிஷம் தவசிமுத்துவின் வாயில் எவ்வளவு பெரிய திட்டு வந்து நின்றிருக்கும்! ஆனால் அவர், "டிரம்ம இங்க உருட்டு மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

மரை அளக்கிற தகடு ஒன்று கடையில் இருந்தது, யாரோ இரவல் வாங்கிப் போய் மாசம் ஆறாகிறது. ஒவ்வொன்றிலும் நட்டைப் போட்டுப் பார்க்கலாமென்றால், முந்நூறு அமெரிக்கனில் சிக்கிச் சிக்கி நட்டும் நாசம், ஸ்டட்டும் நாசம், அதற்குள் சாயங்காலமும் ஆகிவிடும். லியாகத் சும்மா இருக்கிறவனா? ஒரு நல்ல ஸ்டட்டை எடுத்து, மற்றதோடு பக்கத்தில் பக்கம் ஒட்டவைத்து, வெளிச்சத்தில் பிடித்து மரை பொருந்துகிறதா என்று பார்த்தான். ராசையாவும் அதையே செய்தான். ஆனால் முனையில் ஓர் இஞ்சுக்குத்தான் மரை. அதற்குள் இரண்டுக்கும் ஒரே ஒரு மரைதான் வித்தியாசம். போதாக்குறைக்குக் காய்ந்துபோன கிரீஸ் வேறு. இவர்கள் இரண்டு பேரும் நாலு கண்ணால் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் தவசிமுத்து கண்ணே இல்லாமல் நாலு கண்டுபிடித்தார்.

"எனக்கு கண்ணு பூத்துப்போச்சு. நீ கில்லாடி அண்ணாச்சி" என்று லியாகத் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனும் ராசையாவும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, தவசிமுத்து தொட்டுத் தொட்டுப் போட்டார். சந்தில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும்—கண்டது என்ன, கேட்டதும்—அவருக்குக் குஷி வந்துவிட்டது. ஒவ்வொரு அமெரிக்கனுக்கும் ஒரு திட்டு. பதினொன்று வரை சேர்ந்தது. இன்னும் ஐந்து.

"பன்னெண்டாவது" என்று சொல்லி ஒன்றை நீட்டினார். லியாகத் நட்டைப் போட்டான். இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது.

தவசிமுத்து அதைத் திரும்ப வாங்கினார். விரலை ஓட்டினார். ஒன்றுமே இல்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் வெறும் இரும்பு. நூறு ஸ்டட்டுக்கு மேல் தேய்த்த விரல் மரத்துப்போயிருந்தது. மண்ணெண்ணெய் வேறு எரிந்தது. நெற்றிக்குள் இருந்த வெளிச்சம் யாரோ ஊதி அணைத்த மாதிரி போய்விட்டது. இரண்டாவது தடவையாகக் கண் போனால் எப்படியிருக்கும் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்தது.

"போதும் அத்தான், எந்திரிங்க" என்றான் ராசையா. குரலில் அத்தனை இரக்கம். "என் தப்புதான். நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? ஊருக்குப் போயி நிம்மதியா இருப்போம்."

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு ஞானபாக்கியம் வந்து நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவளுக்கு, அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் தூக்கைப் பலகையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

தவசிமுத்துவுக்கு அவள் வந்தது தெரியும், தூக்குச் சத்தம் கேட்டது. இடது கை விரலால் பார்த்தார், அது அடி முட்டாள். கட்டை விரலால் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஸ்டட்டைத் தூக்கி வாயருகே கொண்டு போய்க் கீழுதட்டில் வைத்து, மெல்ல உருட்டினார்.

"ஐயோ, இரும்பத் திங்கியளே!" என்று ஞானபாக்கியம் அலறினாள்.

"சும்மா இருட்டி."

உதட்டுக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு மாசம் விரல்தான் மாடாக உழைத்தது. ஆனாலும் மூன்றாவது உருட்டலில் மரை வரிவரியாக எழும்பிற்று, அதே நெற்றிக்குள், அதே இடத்தில். தவசிமுத்து வாய்விட்டுச் சிரித்தார்.

"படிச்சவன் வெரலு இல்லவே! வெரலு வெறும் தபால்காரன். படிச்சவன் உள்ள இருக்கான்!"

அதற்கப்புறம் ஒரு வேடிக்கை நடந்ததே, அந்தச் சந்து பல வருஷம் சொல்லிச் சிரித்தது. மனுஷர் புல்லாங்குழல் வாசிக்கிற மாதிரி ஸ்டட்டை ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து உருட்டுகிறார், த்தூ என்று துப்புகிறார், "அமெரிக்கன்" என்கிறார். உதடு, மோவாய், மூக்கு நுனி எல்லாம் கன்னங்கரேல் என்று கிரீஸ். "அண்ணாச்சி, டேஸ்ட்டு எப்டி கீது?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். "ஒங்க வூட்டு கொயம்ப விட ஷோக்கா கீது" என்று அவன் பேச்சிலேயே திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேசிய முதல் மெட்ராஸ் வாக்கியம் அதுதான்.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. பதினைந்தைக் கொடுத்துவிட்டு, "இதுல எனக்குச் சந்தேகம்" என்று தாமே திருப்பி வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தேடினார். மணி மூன்றடிப்பதற்குள் பதினாறும் சேர்ந்துவிட்டது. லியாகத் பதினாறிலும் நட்டை ஓட்டிப் பார்த்தான். ஒன்றுகூட நடுவில் சிக்கவில்லை.

"அல்லா உன்னிய நல்லா வச்சிருக்கணும்!" என்று தவசிமுத்துவின் கையைப் பிடித்து அவன் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். வலது கையை. அவரும் பிடித்துக் குலுக்கினார். அவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

கூட்டம் கலைந்தது. ஞானபாக்கியம் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, நடுக் கடையில், தெரு பார்க்க, புருஷனின் வாயைத் துடைத்தாள். கறுப்பு போகவில்லை, பரவிற்று. ராசையா சட்டைப் பையிலிருந்து மூன்று டிக்கெட்டையும் எடுத்தான்.

"அக்கா, இத என்ன செய்ய?"

"ரெண்ட திருப்பிக் குடுத்துரு. நீ மட்டும் போயிட்டு வா" என்றாள் ஞானபாக்கியம். துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "ஊர்ல அம்மா கேட்டா, அத்தானுக்கு வேலை கெடக்குன்னு சொல்லு."

தவசிமுத்து குனிந்து, டிரம்முக்குள் கையை விட்டு, அடுத்த ஸ்டட்டை எடுத்தார்.